"தெரியும்" என்று சொன்ன பிலோமினா அக்கா

நான் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்தச் செத்த வீட்டில் இருந்தவர்கள் யார் யார் என்று முதலில் எழுதிவிடுகிறேன். சவப்பெட்டியின் தலைமாட்டில் பிலோமினா அக்காவின் தங்கை திரேசா. கால்மாட்டில், அக்காவோடு கடைசி வரை வேலை செய்த பாத்திமாவும் அவளுடைய உம்மாவும். செபமாலை சொல்லிக்கொண்டிருந்த இரண்டு கன்னியாஸ்திரிகள். தேத்தண்ணீர்த் தட்டத்துடன் பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மா. வாசலில், துறைமுகத்துக்கு எங்கள் தூள் பெட்டிகளை ஏற்றிப் போகும் வான்காரர். பிறகு, வேறு அலுவலாக லண்டனிலிருந்து முந்தின கிழமையே கொழும்புக்கு வந்திருந்த ரஞ்சன். அக்காவின் கணவருடைய தமக்கை மகன். அவனுக்குப் பக்கத்தில், அவன் அழுவதைப் பிடிப்பதற்காக அவனே கூலி பேசிக் கூட்டிவந்த வீடியோக்காரன். அவ்வளவு பேர்தான். பின்னேரம் மாளிகாவத்தைத் தொடர்மாடிப் படியெல்லாம் சனம் நின்றது உண்மை. அது வெளிநாட்டுக்காரனைப் பார்க்க வந்த சனம். அவர்களை நான் கணக்கில் சேர்க்கவில்லை.

செய்தி அன்று காலையே வந்தது. வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் வீட்டில் தொலைபேசி கீழ்மாடிக்காரரிடம்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை விரதம், பிள்ளையாருக்குப் பூ வைத்த கையோடு இறங்கி ஓடினேன். "அக்கா, பெரியக்கா மௌத்தாகிட்டாங்க" என்றாள் பாத்திமா. மிச்சப் பூவைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு புறப்பட்டேன். காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கி நடக்கவிட்டார்கள். சோதனை செய்த பெண் சிப்பாய் பொட்டலத்தை அவிழ்த்து மணந்து பார்த்து, கோவிலுக்கா என்று சிங்களத்தில் கேட்டாள். செத்த வீட்டுக்கு என்றேன். அவளே திரும்பக் கட்டித் தந்து வழிவிட்டாள். அன்றைய நாளில் நான் கண்ட மரியாதை அது ஒன்றுதான்.

அக்காவை அறிந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். அறிந்தவர்களுக்குத்தான் எழுதுகிறேன். முப்பத்தோராம் நாளுக்கு ஒரு நினைவு மலர் போடுவதாகவும், நான் இரண்டு பக்கம் எழுதித் தர வேண்டும் என்றும் திரேசா கேட்டார். சந்தோசமாக ஓமென்றேன். பிறகு மலரின் மாதிரிப் பிரதியைக் கொண்டுவந்து காட்டினார். முன்பக்கத்தில் அக்காவின் படம். அதைத் திருப்பினால் ரஞ்சனின் படம், அக்காவினுடையதைவிடப் பெரிது. கீழே, "இறுதிவரை மாமியைத் தாங்கிய அன்பு மருமகன்" என்று எழுத்து. பின்னட்டை முழுவதும் அவனுடைய லண்டன் கடை விளம்பரம். அதிலே மிளகாய்த்தூள் பைக்கற் ஒன்று. பைக்கற்றின் மேல் சிரித்துக்கொண்டு எங்கள் பிலோமினா அக்கா. "மாமியின் கைப்பக்குவம்" என்று போட்டிருந்தது. அச்சுச் செலவு முழுவதும் அவனுடையதாம்.

அதைப் பார்த்ததும் எழும்பிப் போய் வாய் கொப்பளித்துவிட்டு வந்துதான் உட்கார்ந்தேன். இந்த மலர் இப்படியே வெளியே போனால், இனி வரும் பிள்ளைகளுக்கு அக்கா என்றால் அந்தப் பைக்கற்றில் இருக்கும் முகம்தான். அவரைத் தாங்கியவன் ரஞ்சன்தான். அது நடக்கக் கூடாது என்பதற்காக, நான் கண்டதை எழுதுகிறேன்.

அக்காவை நான் முதலில் கண்டது செவ்வாய்க்கிழமைப் பூசையில். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து இரண்டு பையோடு வந்து சேர்ந்த புதிது. நான் சைவக்காரிதான். ஆனால் கொழும்பில் செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலுக்குப் போகாத சைவக்காரி யார்? மெழுகுதிரி வரிசையில் எனக்குப் பின்னால் நின்ற ஒரு மொத்தமான பெண், கேட்காமல் கொள்ளாமல் என் சேலைத் தலைப்பை எடுத்து மணந்து பார்த்தார்.

"புள்ள, உன்ட சீலையில வறுத்த மல்லி மணக்குது. தூள் வறுக்கிறியா?"

"வீட்டுக்குத்தான் அக்கா."

"யாழ்ப்பாணத் தூளா? அப்ப என்ட வீட்டையும் உன்ட வீடு எண்டு நினைச்சுக்க. எனக்கு அரைக் கிலோ."

துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து இறந்துபோனவரின் மனைவி அவர். கணவர் ஊர்ப்பக்கத்து மனிதர்; அக்கா கொட்டாஞ்சேனையிலேயே பிறந்து வளர்ந்தவர். கப்பல், கஸ்டம்ஸ், வாப் என்கிற இறங்குதுறை என்று அந்த மனிதர் சோற்றுக் கோப்பைக்கு முன்னால் கதைத்ததையெல்லாம் கேட்டுக் கேட்டு அக்காவுக்கு ஏற்றுமதி பாடமாகியிருந்தது. ஊரிலிருந்து ஓடிப்போன எங்கள் சனம் உலகம் முழுவதும் கடை திறந்துகொண்டிருந்த காலம். பனியில் இருந்துகொண்டு எல்லாரும் நாட்டுத் தூளுக்கு ஏங்குகிறார்கள் என்பதை அக்கா எங்களுக்கு முன்னமே மணந்துவிட்டார். கொட்டாஞ்சேனை வீட்டின் பின்சமையலறையில் நான் வறுப்பேன், பாத்திமா அரித்துக் கட்டுவாள், அக்கா திட்டுவார். ஏசாத நாளில் அவருக்குச் சோறு இறங்காது. கணக்கு என் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் அதிகம் படிக்காதவள் நான். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் ஆங்கிலக் கடதாசிகளை வாசித்தேன். அக்காவுக்கு அந்தப் பொறுமையும் கிடையாது. "நீ வாசி, நான் கையெழுத்து வைக்கிறன். பிழைச்சா உன்ட பிள்ளையாரைக் கூப்பிடு" என்பார்.

ஒரு நாள் வீட்டு ஒழுங்கை முழுவதையும் வளைத்து ஆமிக்காரரின் தேடுதல். அன்று நான் வறுத்தது செத்தல் மிளகாய். துவக்கோடு உள்ளே வந்த நாலு பேரும் நடைக்குள்ளேயே தும்மத் தொடங்கிவிட்டார்கள். அவர்களில் பெரியவனுக்குக் கண்ணால் தண்ணீர் ஓடுகிறது. "என்ன இது?" என்று கத்தினான். அக்கா அகப்பையோடு நின்றபடி, "சேர், எங்களட்ட இருக்கிற ஆயுதம் இவ்வளவும்தான். வேணுமெண்டா அரைக் கிலோ கொண்டு போங்க" என்று சிங்களத்தில் சொன்னார். என் உயிர் போய்விட்டது. அவன் தும்மிக்கொண்டே சிரித்தான். உண்மையாகவே அரைக் கிலோ கொண்டுபோனான். "அதுக்கும் பில் எழுது புள்ள. வெளிநாட்டுக் கணக்கில போடாத" என்றார் அக்கா.

கடனுக்குச் சரக்கு அனுப்பாமல் வெளிநாட்டில் யாரும் வாங்க மாட்டார்கள். தூளை வாங்கி, விற்று, மூன்று மாதத்தால் காசு அனுப்புவார்கள். அந்த மூன்று மாதத்துக்கு நாங்கள் மிளகாய் வாங்க வேண்டும், பாத்திமாவுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டும். அதற்கு வங்கியிடம் போனோம். வங்கிக்காரர் அக்காவின் வீட்டு உறுதிப் பத்திரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு, அதுவும் போதாது, ஏற்றுமதிக் கடன் காப்புறுதி எடுத்து வாருங்கள் என்றார். அப்படித்தான் கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருந்த அரசாங்கக் காப்புறுதி அலுவலகத்துக்கு ஏறினோம்.

அங்கே எங்களைக் கவனித்தவர் ஒரு சிங்கள மிஸ். மெலிந்த உருவம், காதோரம் நரை, மேசையில் புத்தர் படம். அக்காவை "அக்கே" என்றுதான் கூப்பிடுவார். அவர் விளங்கப்படுத்தியது இவ்வளவுதான். கடனுக்கு வாங்கியவர் முறிந்துபோனாலோ கட்டாமல் இழுத்தடித்தாலோ, நட்டத்தின் பெரும் பங்கை அலுவலகம் தரும். அதற்கு ஒரு சிறு கட்டணம். ஆனால் யாருக்குக் கடனுக்கு அனுப்பினாலும் மாத முடிவில் எல்லாரையும் அறிவிக்க வேண்டும். சந்தேகமான ஆளை மட்டும் எழுதி நம்பிக்கையான ஆளை விடக் கூடாது. வாங்குகிறவர் எப்படிப்பட்டவர் என்று அவர்கள் அந்த நாட்டிலேயே விசாரித்து, இவ்வளவுக்கு மேல் கடன் கொடுக்காதே என்று ஓர் எல்லையும் போட்டுத் தருவார்கள்.

படியிறங்கும்போதே அக்கா அதைத் தன் பாஷைக்கு மாற்றிவிட்டார். "இது சீட்டு மாதிரி புள்ள. எல்லாரும் ஒழுங்காக் கட்டினாத்தான் ஒருத்திக்கு விழேக்க சட்டியில சல்லி கிடக்கும். கிழியப் போற சீட்டை மட்டும் கொண்டுவந்து கட்டினா அது சீட்டில்ல, களவு."

இப்படித் தெளிவாகச் சொன்ன மனுசிதான், ரஞ்சனுடைய முறை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

ரஞ்சன் வெளிநாடு போகும் முன் கொட்டாஞ்சேனை வீட்டில்தான் இருந்தான். ஏஜென்சிக்காரன் இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்ததில் ஒரு வருசத்துக்கு மேல் போய்விட்டது. பொலிஸ் பதிவு, சாப்பாடு, சவர்க்காரம் எல்லாம் அக்கா தலையில். ஒரு சுற்றிவளைப்பில் அவனைப் பிடித்துக்கொண்டு போனபோது, செபமாலையைக் கையில் சுற்றியபடி பொலிஸ் நிலைய வாங்குப் பலகையில் பகல் முழுக்க இருந்து, சிங்களத்தில் மன்றாடி மீட்டுக்கொண்டு வந்தவரும் அவர்தான். அவன் போய்ச் சேர்ந்து, வேலை செய்து, கடை திறந்தான். "மாமி, உங்கட தூள் இல்லாமல் நான் கடை திறக்க மாட்டன்" என்று பக்ஸ் மெசினில் கடிதம் வந்தது. அக்கா அதைப் பாத்திமாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினார்.

மாத முடிவு வந்தது. எங்களிடம் கடனுக்கு வாங்கும் சுவிஸ் நாட்டுக் கடைக்காரியின் பெயரை எழுதினேன். அடுத்து ரஞ்சனின் கடைப் பெயரை எழுதப் போனேன். அக்கா என் பேனையைப் பிடித்துவிட்டார்.

"அவன எழுதாத."

"எல்லாரையும் எழுத வேணும் எண்டு மிஸ் சொன்னவதானே அக்கா."

"அது பிறத்தி ஆக்களுக்கு. அவன் பேரில இன்சூரன்ஸ் போட்டா, அவன் கள்ளன் எண்டு நானே எழுதிக் குடுத்த மாதிரியெல்லோ. வெள்ளைக்காரன் ஒருத்தன் போய் என்ட மருமகன்ட கடையை மணந்து பாக்கிறதா? நாளைக்கு அவன்ட தாய் என்ன கதைப்பா?"

"தாய் கதைக்கிறதுக்கு வங்கி காசு தராது அக்கா."

"உனக்கு உன்ட கணக்கைத் தவிர மனுசர் தெரியாது. போ, அடுப்பைப் பார்."

எங்கள் சனத்துக்கு இது ஒரு வியாதி என்றே சொல்வேன். முன்பின் தெரியாத சுவிஸ்காரிக்குக் காப்புறுதி. அவளோ சொன்ன நாளுக்கு முந்தியே காசு அனுப்புவாள். வீட்டில் இருந்து சோறு தின்றவனுக்கு மட்டும் ஒன்றும் வேண்டாம், அவன் எங்கட பிள்ளை. சொந்தத்தை எழுதினால் சொந்தம் குறைந்துவிடுமாம். அக்கா ஒருத்தி மட்டும் செய்த பிழையா இது? இந்த மலரைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

முதல் இரண்டு தரம் ரஞ்சன் ஒழுங்காகக் கட்டினான். பிறகு கதைகள் வந்தன. வங்கியில் பிழையாம். மனைவிக்குப் பிள்ளைப்பேறாம். கடைக்கு முன் வீதி வெட்டுகிறார்களாம். கடைசியில் ஒரு நாள் கொமினிகேசன் கடையின் தொலைபேசிக் கூண்டுக்குள் அக்காவும் நானும் நெருக்கி நின்று, ஒரே ரிசீவரில் இரண்டு காதையும் வைத்துக் கேட்டோம்.

"மாமி, உங்களுக்கு மறைச்சு என்ன? என்னட்ட இப்ப காசு இல்லை. பழசைக் கட்ட ஏலாது. நத்தார் வருது, கிறிஸ்மஸ் வியாபாரத்துக்கு இன்னும் கொஞ்சம் கூட அனுப்புங்கோ. அதை வித்துப் போட்டு எல்லாத்தையும் சேர்த்துக் கட்டுறன்."

வேண்டாம் என்று நான் கையைக் காட்டினேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டு, "எத்தனை பெட்டி?" என்று கேட்டார். அனுப்பினோம். அதற்குப் பிறகு அவன் தொலைபேசியே எடுக்கவில்லை. வங்கிக்காரர் வீட்டு உறுதியைப் பற்றிக் கடிதம் போடத் தொடங்கிய பிறகுதான் ஒரு நாள் அவனாகவே கொமினிகேசன் கடைக்கு எடுத்துக் கதைத்தான்; அன்றும் நான் பக்கத்தில் காது வைத்து நின்றேன். குரலில் ஒரு வெட்கமும் இல்லை.

"ஏன் மாமி சும்மா கத்துறியள்? இன்சூரன்ஸ் இருக்குத்தானே. அதில எடுங்கோ. உங்களுக்கு ஒரு நட்டமும் இல்லை, எனக்கும் ஒரு நட்டமும் இல்லை."

"உன்ட பேரை நான் அதில எழுதேல்ல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது; கழுவினாலும் போகாது. "என்ன மாமி, விசரே உங்களுக்கு? சரி, இப்ப எழுதுங்கோ. மறந்து போனன் எண்டு சொல்லுங்கோ. நான் இந்தக் கடையை மூடிப்போட்டு மனிசியின்ர பேரில வேற ஒண்டு திறக்கிறன். பழசு முறிஞ்சு போச்சுது எண்டு கடிதம் எடுத்து அனுப்புறன். அவங்கள் தருவாங்கள். வாறதில எனக்கும் ஒரு பங்கைப் போட்டு விடுங்கோ."

அக்கா ரிசீவரை வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பால் காதைத் துடைத்தார். "சீ" என்றார்.

ஆனால் வீடு போகப் போகிறதே. சொந்தக்காரர் கொட்டாஞ்சேனை வீட்டில் கூடினார்கள். எல்லாரும் ரஞ்சன் சொன்னதைச் செய் என்றார்கள். திரேசாவும்தான், இதை வாசிக்கும்போது அவருக்கு நினைவு வரும். "எடுத்தா என்ன? எங்கட சனத்துக்குக் குண்டு போடுற அரசாங்கத்திட சல்லிதானே அக்கா. அதில பாவமில்ல" என்றார் திரேசா. அந்த நாட்களில் அப்படிச் சொல்வது சுலபம். சொன்னால் யாரும் எதிர்த்துக் கதைக்கவும் மாட்டார்கள். எனக்குமே ஒரு கணம் சரிபோலத்தான் பட்டது. என் அண்ணனுடைய வீட்டின் மேல் விழுந்த குண்டை நான் மறந்தவளில்லை.

அக்கா மேசையில் அடித்தார். "குண்டுச் சல்லி வேற பெட்டி. இது நாங்க கட்டின சல்லி. நான் கட்டினது இருக்கு, தும்புத்தடி அனுப்புறவ கட்டினது இருக்கு, கறுவாப்பட்டை அனுப்புற கிழவன் கட்டினது இருக்கு. அவன்ட ஆள் முறிஞ்ச நாளில அவன் வந்து கையை விட்டா பெட்டி வெறும் பெட்டியா இருக்கும். ஏன்? இந்தப் பிலோமினா அள்ளிட்டுப் போய்ட்டா. அரசாங்கம் கெட்டது எண்டு சொல்லிச் சொல்லி நாங்க எங்கட கையைக் கெடுக்கிறதா?"

வந்தவர்கள் போகும்போது அக்கா வெட்டி வைத்த கேக்கைப் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போனார்கள்.

என்றாலும் அக்கா அலுவலகத்துக்குப் போனார். விடுபட்டவனைப் பிந்தி அறிவிக்க நேர்மையான வழி ஏதும் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்போம் என்று நான்தான் இழுத்துப் போனேன். கோட்டைக்குள் நுழைய மூன்று இடத்தில் பையைக் கொட்டிக் காட்டினோம். மிஸ் எல்லாவற்றையும் கேட்டார். கோபிக்கவில்லை. சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார்.

"அக்கே, பிந்தியும் அறிவிக்கலாம். கூடுதலாகக் கொஞ்சம் கட்ட வேண்டும். நானே மேலிடத்துக்கு எழுதுகிறேன். ஆனால் ஒரு கேள்வி இருக்கிறது. அந்த நத்தார்ச் சரக்கை ஏற்றும்போது, அவரால் கட்ட முடியாது என்று உங்களுக்குத் தெரியுமா?"

கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பேனையைக் கடதாசியில் வைத்தார். "தெரிந்திருக்காதுதானே. தெரிந்தால் யார் அனுப்புவார்கள்?" என்றார். 'இல்லை' என்ற கட்டத்துக்கு மேல் பேனை முனை நின்றது. அந்த நல்ல பெண் அக்காவுக்கு ஒரு கதவைத் திறந்து, தன் கையாலேயே பிடித்துக்கொண்டும் நின்றார். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். பொய்கூடச் சொல்லத் தேவையில்லை. நான் முருகா, முருகா என்று மனதுக்குள் சொன்னேன். எதைக் கேட்டுச் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"தன்னவா, மிஸ்" என்றார் அக்கா. தெரியும்.

மிஸ் நிமிர்ந்து பார்த்தார். "நல்லா யோசித்துச் சொல்லுங்கள் அக்கே."

"யோசிக்க என்ன இருக்கு? அவனே போனில சொன்னான், கட்ட ஏலாது எண்டு. அதுக்குப் பிறகுதான் ஏத்தினன். இந்தப் புள்ளையும் கேட்டுக்கொண்டு நிண்டவ."

மிஸ் பேனையை மூடி வைத்தார். அவருடைய கண் கலங்கியிருந்தது. அப்படியென்றால் ரஞ்சனுடைய கடனில் ஒரு சதமும் கிடைக்காது என்றார். இனி எல்லாரையும் எழுதுவதாக இருந்தால் சுவிஸ்காரியின் பேரில் உள்ள காப்புறுதி மட்டும் நிற்கும். அக்கா நன்றி சொல்லி, மேசையில் இருந்த புத்தரையும் ஒருமுறை கும்பிட்டுவிட்டு எழும்பினார்.

வெளியே தேத்தண்ணீர்க் கடையில் அக்கா கோப்பையைத் தள்ளி வைத்தார். "அவ கேட்டிருக்காட்டி நான் வாயைத் திறந்திருக்க மாட்டன் புள்ள. சத்தியமா. அவ கேட்டிட்டா. கேட்டா என்ன செய்யிறது?" என்றார். கொட்டாஞ்சேனை வீட்டுக்கு அவர் மணப்பெண்ணாக ஏறியவர். கணவரின் பிரேதம் இறங்கியதும் அந்த வீட்டுப் படியால்தான்.

வீட்டை வங்கி விற்றது. அக்கா பாத்திமாவின் பக்கமாக, மாளிகாவத்தையில் ஓர் அறைக்கு வந்தார். அந்தச் சின்னக் குசினியில் காஸ் அடுப்பில் நாங்கள் மறுபடி வறுத்தோம். சுவிஸ்காரிக்கு மட்டும். மேல்மாடி, கீழ்மாடி எல்லாம் தும்மின. தும்மியவர்கள் வந்து நூறு கிராம், இருநூறு கிராம் வாங்கிப் போனார்கள். மாத முடிவில் அந்த ஒரே ஒரு பெயரை எழுதிக் கொடுக்கும்போது, "வேற ஒருத்தரும் இல்லையா எண்டு ஒருக்கா என்னட்டக் கேள்" என்பார். நான் கேட்க வேண்டும். "இல்ல" என்று சொல்லிவிட்டுத்தான் கையெழுத்து வைப்பார்.

ரஞ்சன் ஊரெல்லாம் என்ன சொல்லித் திரிந்தான் என்பது உங்களுக்கும் தெரியும். மாமிக்குக் காசு எடுக்க வழி செய்து கொடுத்தேன், மாமி அதைக் காலால் உதைத்துப்போட்டா, மூளை இல்லாத மனுசி. அதைக் கேட்டு நீங்கள் தலையாட்டினீர்கள். மனைவியின் பேரில் திறந்த கடை இன்று இரண்டு கடை. நத்தாருக்கு அட்டை வரும். அக்கா அதை விரல் நுனியால் எடுத்துக் குப்பை வாளியில் போட்டுவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவுவார்.

"அவனுக்காகச் செபிக்கிறனீங்களோ அக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"செபிக்கிறன். பேரைச் சொல்லாமச் செபிக்கிறன். கடவுளுக்கும் அருவருக்கும்தானே."

செத்த வீட்டுக்கு வருவோம். மதியம் எல்லாருக்கும் சாப்பாட்டுப் பார்சல் கொடுத்தார்கள். பார்சல் போட்டுத் தந்த பை ரஞ்சன் லண்டனிலிருந்து கொண்டுவந்தது. அவனுடைய கடைப் பெயர் சிவப்பு எழுத்தில் இருந்தது. பிணத்துக்கு முன்னால் சனம் அவன் விளம்பரத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நின்றது. பெட்டி மூடும் நேரம் அவன் "மாமீ" என்று விழுந்து அழுதான். வீடியோக்காரனின் விளக்கு ஏதோ காரணத்தால் அணைந்துவிட்டது. அழுகையும் நின்றுவிட்டது. விளக்கு வந்தது, அழுகையும் வந்தது. பாத்திமாவின் உம்மா முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போனதை நான் பார்த்தேன். உம்மா அழத்தான் போனார் என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள்.

பிறகு ரஞ்சன் என்னிடம் வந்தான். செண்ட் வாசம் என் மூக்கை அடைத்தது. "அன்ரி, நீங்கள் நல்லா எழுதுவியளாம். நினைவு மலர் ஒண்டு போட்டா மாமியின்ர சமையல், பக்தி எல்லாத்தையும் எழுதுங்கோ. அந்தப் பழைய கொடுக்கல் வாங்கல் கதையள் வேண்டாம். செத்தவைக்கு அது மரியாதை இல்லை" என்றான்.

செத்தவருக்கு எது மரியாதை என்று அவன் எனக்குச் சொல்லித் தந்தான்!

வெறுப்பு நல்லதில்லை என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு மாதமாகப் பிள்ளையாருக்கு முன்னால் இருந்து, இந்த அருவருப்பை எடுத்துவிடு என்று கேட்டுப் பார்த்தேன். போகவில்லை. இப்போது போக வேண்டாம் என்றே நினைக்கிறேன். அக்காவிடம் இருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். யாரைக் கண்டாலும் முகம் சுளிக்கிற குணத்தை நான் சொல்லவில்லை. ஏசிக்கொண்டே அரைக் கிலோ சும்மா கொடுக்கிற மனுசி அவர். ஆனால் தப்பலாம், ஒருவருக்கும் தெரியாது, கேட்டவரே தலையைத் திருப்பிக்கொண்டு நிற்கிறார் என்ற இடத்தில், தன் வாயிலிருந்து வரப்போகிற பொய்யே நாற ஆரம்பிக்கிற ஒரு மூக்கு அவருக்கு இருந்தது. சொந்த இரத்தத்தை எழுதாமல் விட்ட நாளில் அந்த மூக்கு அடைத்திருந்தது. அதற்கு அவர் வீட்டைக் கொடுத்தார். பிறகு அது ஒரு நாளும் அடைக்கவில்லை. எனக்கும் அது கொஞ்சம் வந்திருக்கிறது. வைத்துக்கொள்கிறேன்.

திரேசா அக்கா, இனி உங்களோடு நேராகக் கதைக்கிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். நான் எழுதியதில் ஒரு வரியும் வெட்டாமல் போடுவதென்றால் போடுங்கள். அப்படிப் போட்டால் ரஞ்சனின் படமும், "தாங்கிய மருமகன்" என்ற எழுத்தும், பின்னட்டை விளம்பரமும் இந்த மலரில் இருக்க முடியாது. அச்சுச் செலவை நானும் பாத்திமாவும் வான்காரரும் பங்கு போட்டுக்கொள்கிறோம். மெல்லிய கடதாசியில் அடித்தால் போதும். அவன் தந்ததை அவனிடமே கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு அவன்தான் வேண்டுமென்றால், என் எழுத்தை முழுவதுமாகத் திருப்பித் தந்துவிடுங்கள். நாங்கள் தனியாக அடித்து, தும்மியவர்கள் எல்லாருடைய வீட்டுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். கீழ்மாடிக்காரரின் தொலைபேசிக்குக் கதைத்தாலும் சரி, பாத்திமாவிடம் சொல்லிவிட்டாலும் சரி. அச்சகத்தில் ஏற்றும் முன் எனக்குப் பதில் வேண்டும். தயவுசெய்து கெதியாகச் சொல்லுங்கள்.